எரிநட்சத்திரத்திற்கு எந்த ஊர்?

ஆகஸ்ட் 10ம் தேதி, திருத்தொண்டரும் மறைசாட்சியுமான புனித லாரன்சின் திருநாளைச் சிறப்பிக்கிறோம். 258ம் ஆண்டு, பேரரசர் வலேரியன் காலத்தில், உரோமை நகரில் உயிர் துறந்தவர் இவர். இவரது திருநாளன்று இரவு, இத்தாலி நாட்டு மக்கள் குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்கும் வயல்வெளிக்கும் சென்று, வானத்தைப் பார்த்தபடி அமர்ந்திருப்பது வழக்கம். அந்நாள்களில் வானில் எரிநட்சத்திரங்கள் வழக்கத்தைவிட அதிகமாகத் தோன்றும். அவற்றை 'புனித லாரன்சின் கண்ணீர்' என்று அம்மக்கள் அன்போடு அழைக்கின்றனர்.

நம் ஊர்களில் நிலைமை வேறு. எரிநட்சத்திரத்தைப் பார்ப்பது ஆகாது என்று சொல்லி, பிள்ளைகளின் முகத்தைத் திருப்பிவிடும் பெரியவர்கள் உண்டு. 'யாரோ ஓர் உயிர் பிரிகிறது' என்று சொல்வோரும் உண்டு. அண்மைக் காலங்களில் இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. ஆகஸ்ட் மாதம் பிறந்ததும், 'இன்றிரவு விண்கல் மழை, காணத் தவறாதீர்கள்' என்ற செய்தி கைப்பேசிகளில் வலம் வருகிறது. நாமும் இரவு உணவை முடித்துவிட்டு, எட்டு மணிக்கு மொட்டைமாடிக்குச் செல்கிறோம். அரை மணி நேரத்தில் ஒரே ஓர் எரிநட்சத்திரம் கோடு கிழித்து மறைகிறது. 'பார்த்துவிட்டோம், இதுதான் அந்த விண்கல் மழை' என்று மனநிறைவோடு கீழே இறங்கிவிடுகிறோம்.

நாம் கண்டது உண்மையில் புனித லாரன்சின் கண்ணீர்த் துளிதானா? இல்லை என்பதே சரியான பதில். அதே இரவு, வானம் இருட்டியதும் உரோமை நகரில் ஒருவர் பார்த்திருந்தால், 'இருக்கலாம்' என்று சொல்ல முடியும். நம் மாடியிலிருந்து பார்த்தவர் அப்படிச் சொல்ல இயலாது. இந்த வேறுபாடு எப்படி வருகிறது? ஒரு விநாடிகூட நிலைக்காத ஒரு கீற்று ஒளியைப் பார்த்து, அது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று எப்படிச் சொல்வது? இன்றைய சிந்தனையில் இதைப் பற்றி அறிய முயல்வோம்.

புதியவர் ஒருவரைச் சந்திக்கும்போது, நம்மவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, 'உங்களுக்கு எந்த ஊர்?' என்பதுதான். பெயரைக்கூடப் பிறகுதான் கேட்போம். எரிநட்சத்திரத்திடமும் நாம் கேட்கவேண்டிய கேள்வி இதுவே. அது எங்கே மின்னியது என்பது முக்கியமல்ல. எங்கிருந்து வந்தது என்பதே முக்கியம்.

முதலில், எரிநட்சத்திரம் என்பது நட்சத்திரம் அல்ல என்பதை மனத்தில் கொள்வோம். பெரும்பாலும் மணல் துகள் அளவிலிருந்து பட்டாணி அளவுவரை உள்ள தூசுதான் அது. நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் பூமியின் காற்று மண்டலத்திற்குள் நுழையும்போது, தரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், அது எரிந்து ஒளிவிடுகிறது. அத்தோடு அதன் பயணம் முடிகிறது.

இத்தூசு எங்கிருந்து வருகிறது? மணல் ஏற்றிய லாரி சாலையில் செல்வதைப் பார்த்திருப்போம். தார்ப்பாய் சரியாகக் கட்டப்படாத லாரி, வழிநெடுக மணலைச் சிந்திக்கொண்டே போகும். லாரி போய் நெடுநேரம் ஆன பின்னரும், அது சென்ற பாதையில் மணல் கிடக்கும். வால்நட்சத்திரங்களும் அவ்வாறே. அவை சூரியனை நெருங்கும்போது, அவற்றிலுள்ள பனி ஆவியாகி, அதனுடன் கலந்திருந்த தூசு வெளியேறுகிறது. அந்தத் தூசு, வால்நட்சத்திரம் செல்லும் பாதை முழுவதும் மெல்லப் பரவிக் கிடக்கிறது. நம் பூமி ஆண்டுதோறும், ஏறக்குறைய அதே நாளில், அந்தப் பாதையைக் குறுக்கே கடக்கிறது. அப்போது காணப்படுவதே விண்கல் மழை.

ஆகஸ்ட் மாதத்து மழையைத் தரும் வால்நட்சத்திரத்தின் பெயர் ஸ்விஃப்ட்-டட்டில். 1862ம் ஆண்டு, லூயிஸ் ஸ்விஃப்ட், ஹொரேஸ் டட்டில் என்ற இரு அமெரிக்கர்கள் தனித்தனியே அதைக் கண்டறிந்தனர். அது சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 133 ஆண்டுகள் ஆகின்றன. கடைசியாக 1992ம் ஆண்டு சூரியனை நெருங்கிச் சென்றது. இனி வருவது 2126ம் ஆண்டில். நம்மில் யாரும் அதைக் காணப்போவதில்லை. ஆனால், அது சிந்திவிட்டுச் சென்ற துகள்களை ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் காண்கிறோம்.

இத்துகள்கள் அனைத்தும் ஒரே பாதையில், ஒரே திசையில், ஒன்றுக்கொன்று இணையாகப் பூமியை நோக்கி வருகின்றன. ஆனால், நம் கண்ணுக்கு அவை வானின் ஒரே புள்ளியிலிருந்து நாலாபுறமும் சிதறுவதுபோல் தோன்றுகின்றன. இது எப்படி என்று வியப்பாக இருக்கலாம். மழை பெய்யும் இரவில், இரு சக்கர வண்டியில் சென்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முன்விளக்கின் ஒளியில், மழைத்துளிகள் அனைத்தும் எதிரே ஒரே இடத்திலிருந்து புறப்பட்டு, நம்மைச் சுற்றி விரிந்து செல்வதுபோல் தெரியும். நீளமான தண்டவாளத்தின் இரு கம்பிகளும் தூரத்தில் ஒன்றாகச் சேர்வதுபோல் தெரிவதும் இதே காரணத்தால்தான். எரிநட்சத்திரங்கள் புறப்படுவதுபோல் தோன்றும் அந்த இடத்தைப் 'புறப்படும் புள்ளி' என்று நாம் அழைப்போம். அந்தப் புள்ளி எந்த விண்மீன் கூட்டத்தில் அமைகிறதோ, அந்தக் கூட்டத்தின் பெயரே விண்கல் மழைக்கும் சூட்டப்படுகிறது. பெர்சியஸ் என்ற கூட்டத்திலிருந்து புறப்படுவதுபோல் தோன்றுவதால், ஆகஸ்ட் மாதத்து மழைக்குப் 'பெர்சீட்' என்று பெயர்.

இங்கு ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பெர்சியஸ் கூட்டத்தின் விண்மீன்கள் நம்மிடமிருந்து மிகப் பெரும் தொலைவில் உள்ளன. எரிநட்சத்திரம் அங்கிருந்து வருவதில்லை. 'மதுரைப் பக்கமிருந்து வரும் பேருந்து' என்று சொல்கிறோமே, அதுபோல, அந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது மட்டுமே இதன் பொருள்.

இந்த உண்மை கண்டறியப்பட்ட விதம் நம் கவனத்திற்குரியது. 1833ம் ஆண்டு, நவம்பர் 13ம் தேதி, பொழுது விடியுமுன், வட அமெரிக்க வானில் எரிநட்சத்திரங்கள் கொட்டின. மணிக்குப் பல்லாயிரம் என்ற அளவில் அவை பொழிந்தன. உறக்கத்திலிருந்து எழுந்து வந்த மக்கள், உலகம் முடியப்போகிறது என்று அஞ்சி நடுங்கினர். பலர் முழந்தாளிட்டுக் கதறினர்.

அதே விடியலில், யேல் கல்லூரியின் பேராசிரியர் டெனிசன் ஓம்ஸ்டெட் வானத்தை உற்றுக் கவனித்தார். பின்னர், தான் கண்டதை உள்ளூர் நாளிதழில் எழுதி, மற்றவர்கள் கண்டதையும் தனக்குத் தெரிவிக்குமாறு வேண்டிக்கொண்டார். பல இடங்களிலிருந்து தகவல்கள் வந்தன. அவற்றை ஒப்பிட்டுப் பார்த்தபோது, எரிநட்சத்திரங்கள் அனைத்தும் சிம்மக் கூட்டத்தின் தலைப்பகுதியிலிருந்து புறப்படுவதுபோல் தெரிந்தன. நேரம் செல்லச் செல்ல, சிம்மக் கூட்டம் வானில் மேலேறியபோது, அந்தப் புள்ளியும் அதனுடனேயே நகர்ந்தது. அப்படியானால், இவை மேகத்திலோ காற்றிலோ பிறப்பவை அல்ல, பூமிக்கு வெளியே இருந்து வருபவை என்று அவர் உணர்ந்தார்.

ஒரே வானம், ஒரே காட்சி. அதைக் கண்டு அச்சத்தில் உறைந்தவர்கள் பலர். 'எங்கிருந்து வருகிறது?' என்று கேட்டு, மற்றவர்களையும் சான்று சொல்ல அழைத்தவர் ஒருவர். அச்சம் நீங்க வழி திறந்தது அந்தக் கேள்வியால்தான்.

அன்பு நெஞ்சங்களே, நாமும் இக்கேள்வியைக் கேட்கலாம். அதற்குத் தொலைநோக்கி எதுவும் தேவையில்லை. தெருவிளக்கு படாத இடமும், ஒரு பாயும், இருட்டுக்குக் கண்கள் பழக அரை மணி நேரப் பொறுமையும் போதும். அந்த நேரத்தில் கைப்பேசித் திரையைப் பார்க்காமல் இருக்கவேண்டும் என்பதுதான் நம்மில் பலருக்குக் கடினமாக இருக்கும். எரிநட்சத்திரம் ஒன்றைக் கண்டதும், பின்வரும் ஐந்து கேள்விகளை வரிசையாகக் கேட்போம்.

முதல் கேள்வி: இன்று என்ன நாள்? ஒவ்வொரு விண்கல் மழைக்கும் உரிய காலம் உண்டு. பெர்சீட், ஜூலை 17ம் தேதியளவில் துவங்கி, ஆகஸ்ட் 24ம் தேதிவரை நீடிக்கும். ஆகஸ்ட் 12, 13 தேதிகளில் உச்சத்தை அடையும். செப்டம்பர் மாத நடுவில் காணும் எரிநட்சத்திரம், எத்தனை அழகாக இருந்தாலும், பெர்சீட் அல்ல. 'புனித லாரன்ஸ் திருநாள் 10ம் தேதி ஆயிற்றே, உச்சம் ஏன் 12, 13ல்?' என்று கேட்கத் தோன்றும். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், உச்சம் 10ம் தேதியில்தான் இருந்தது. பூமியின் அச்சு, சுற்றி ஓயும் பம்பரம்போல் மிக மெதுவாகத் திசை மாறுவதால், நம் நாள்காட்டிக்கும் விண்வெளியில் பூமி இருக்கும் இடத்திற்கும் இடையே, ஏறத்தாழ 71 ஆண்டுகளுக்கு ஒரு நாள் என்ற அளவில் வேறுபாடு உண்டாகிறது. திருநாள் அதே தேதியில் நிற்க, விண்கல் மழை மட்டும் இரண்டு மூன்று நாள்கள் தள்ளிச் சென்றுவிட்டது.

இரண்டாவது கேள்வி: புறப்படும் புள்ளி இப்போது வானில் இருக்கிறதா? சூரியனைப் போலவே அந்தப் புள்ளியும் உதித்து மறையும். அது அடிவானத்திற்குக் கீழே இருக்கும்போது, அந்த மழையின் எரிநட்சத்திரங்கள் நமக்குத் தெரிய வாய்ப்பில்லை. நம் மாடியில் எட்டு மணிக்கு நிகழ்ந்தது இதுதான். பெர்சியஸ் வடவானத்தின் கூட்டம். வடக்கே உள்ள உரோமை நகரிலிருந்து பார்க்கும்போது, பெர்சீட் புறப்படும் புள்ளி இரவு முழுவதும் அடிவானத்திற்கு மேலேயே இருக்கும், மறைவதே இல்லை. தமிழகத்திலும் இலங்கையிலும் வாழும் நமக்கோ, ஆகஸ்ட் 12ம் தேதியளவில், இரவு ஏறக்குறைய 11 மணிக்குத்தான் அது வடக்குக்கும் வடகிழக்குக்கும் இடையே உதிக்கிறது. விடியற்காலை 3, 4 மணிக்குத்தான் ஓரளவு மேலே வருகிறது. அப்போதும் பாதி வானத்தை எட்டுவதில்லை. எனவே, நம் பகுதியில் பெர்சீட் காண விரும்புவோர், இரவு உணவுக்குப் பின் அல்ல, விடியற்காலையில் எழவேண்டும். 'மணிக்கு நூறு' என்று செய்திகளில் வரும் எண்ணிக்கை, மிக இருண்ட வானில், புறப்படும் புள்ளி தலைக்கு நேர்மேலே இருந்தால் எவ்வளவு தெரியும் என்ற கணக்கு. நம் வானில் அதில் பாதியளவு தெரிந்தாலே பெரிது. இதை முன்கூட்டியே அறிந்திருந்தால், ஏமாற்றம் இராது.

மூன்றாவது கேள்வி: அதன் பாதையைப் பின்னோக்கி நீட்டினால் எங்கே போய்ச் சேர்கிறது? இதுவே முதன்மையான கேள்வி. தென்னந்துடைப்பத்திலிருந்து நேரான ஈர்க்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எரிநட்சத்திரம் மறைந்த உடனேயே, கையை நீட்டி, அது சென்ற வழியில் அந்த ஈர்க்கைப் பொருத்திப் பிடிப்போம். இப்போது, அது வந்த திசையில் ஈர்க்கின் மறுமுனை எங்கே காட்டுகிறது என்று பார்ப்போம். விடியற்காலையில், வடக்கே ஐந்து விண்மீன்கள் 'டபிள்யூ' எழுத்தைப் போல நிற்பதைக் காணலாம். அது கேசியோப்பியா கூட்டம். கிழக்கே, நாம் அனைவரும் அறிந்த கார்த்திகைக் கூட்டம். இவ்விரண்டுக்கும் இடையே, கேசியோப்பியாவை ஒட்டினாற்போல் உள்ளது பெர்சீட் புறப்படும் புள்ளி. ஈர்க்கு அவ்விடத்தைத் தொட்டுச் சென்றால், அது பெர்சீட் ஆக இருக்க வாய்ப்புண்டு. வேறெங்கோ சென்றால், வேறு ஊர்.

நான்காவது கேள்வி: அதன் பாதை எவ்வளவு நீளம்? நேர் எதிரே நம்மை நோக்கி வரும் மோட்டார் சைக்கிளின் விளக்கு, நெடுநேரம் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும். பக்கவாட்டில் கடந்து செல்லும் வண்டியோ சட்டென்று பாய்ந்து செல்லும். அவ்வாறே, புறப்படும் புள்ளிக்கு அருகே தோன்றும் எரிநட்சத்திரம் நம்மை நோக்கி வருவதால், குட்டையாக, மெதுவாகச் செல்வதாகத் தெரியும். தள்ளித் தோன்றுவது நீளமாக, விரைவாகத் தெரியும். இதற்கு, வானத்தைக் கவனிப்போர் ஓர் எளிய அளவை வைத்துள்ளனர். எரிநட்சத்திரம் தோன்றிய இடம், புறப்படும் புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அதில் பாதிக்கு மேல் அதன் பாதை நீளக்கூடாது. கையை நீட்டி முட்டியை மடக்கினால், அந்த முட்டியின் அகலம் வானில் ஏறத்தாழ 10 பாகை. இரண்டு முட்டி தள்ளித் தோன்றினால், ஒரு முட்டிக்கு மேல் நீளக்கூடாது. பெர்சியஸை ஒட்டித் தோன்றி, பாதி வானத்தைக் கடந்து செல்லும் எரிநட்சத்திரம், திசை சரியாக இருந்தாலும் பெர்சீட் அல்ல. தற்செயலாக அந்த வழியே வந்தது அது.

ஐந்தாவது கேள்வி: அது எவ்வளவு விரைவாகச் சென்றது? பெர்சீட் துகள்கள் நொடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்தில் நுழைகின்றன. சென்னையிலிருந்து திருச்சிவரை உள்ள தொலைவை ஆறு நொடிக்குள் கடக்கும் வேகம் அது. இவ்வளவு வேகத்திற்குக் காரணம், ஸ்விஃப்ட்-டட்டில் வால்நட்சத்திரம் சூரியனைச் சுற்றும் திசை, பூமி சுற்றும் திசைக்கு எதிரானது என்பதே. எதிரெதிரே வரும் இரு பேருந்துகளின் வேகம் ஒன்றாகக் கூடுவதைப் போன்றது இது. பெர்சீட் எரிநட்சத்திரங்களில் ஒளி மிகுந்தவை, தாங்கள் சென்ற வழியில் ஒரு மெல்லிய ஒளிக்கோட்டை ஓரிரு நொடிகள் விட்டுச்செல்வதும் உண்டு. நிறத்தை மட்டும் பெரிதாக நம்பவேண்டாம். ஒரே எரிநட்சத்திரத்தை இருவர் பார்த்தால், ஒருவருக்குப் பச்சை, மற்றவருக்கு வெள்ளை என்று தெரிவது இயல்பு.

இந்த ஐந்து கேள்விகளையும் மூன்று எடுத்துக்காட்டுகளில் பொருத்திப் பார்ப்போம். மூன்றும் ஆகஸ்ட் 12, 13 தேதிகளை ஒட்டிய இரவில், நம் பகுதி வானில் நிகழ்வதாகக் கொள்வோம்.

முதலாவது, இரவு எட்டு மணி. தென்கிழக்கிலிருந்து புறப்பட்டு, பிரகாசமாக, நிதானமாக ஓர் எரிநட்சத்திரம் செல்கிறது. பெர்சியஸ் இன்னும் உதிக்கவில்லை. எனவே இது பெர்சீட் அல்ல. பாதையைப் பின்னோக்கி நீட்டினால் மகர ராசிப் பக்கம் சேர்கிறதா என்று பார்க்கவேண்டும். ஆல்ஃபா காப்ரிகார்னிட் என்ற சிறு மழை ஒன்று, ஜூலை இறுதியில் உச்சம் அடைந்து, ஆகஸ்ட் மாத நடுவரை நீடிக்கிறது. அதன் வேகம் நொடிக்கு 23 கிலோமீட்டர்தான். திசையும் நிதானமும் பொருந்தினால், அந்த ஊர்க்காரர் என்று சொல்லலாம்.

இரண்டாவது, விடியற்காலை மூன்று மணி. தலைக்கு மேலே தோன்றி, தென்மேற்கு நோக்கி, கண்மூடித் திறப்பதற்குள் பாய்ந்து மறைகிறது ஓர் எரிநட்சத்திரம். அது சென்ற வழியில் ஓர் ஒளிக்கோடு ஒரு நொடி நின்று மறைகிறது. ஈர்க்கைப் பிடித்தால், அது கேசியோப்பியாவின் அருகே சேர்கிறது. நாள், நேரம், திசை, நீளம், வேகம் ஆகிய ஐந்தும் பொருந்துகின்றன. இது பெர்சீட். புனித லாரன்சின் கண்ணீர்த் துளியைக் கண்டுவிட்டோம்.

மூன்றாவது, அதே மூன்று மணி. தென் வானில், நடுத்தர வேகத்தில், மங்கலான ஒன்று வடக்கு நோக்கி வருகிறது. அதைப் பின்னோக்கி நீட்டினால், கும்ப ராசிப் பக்கம் போகிறது. இது, நொடிக்கு 41 கிலோமீட்டர் வேகம் கொண்ட தென் டெல்டா அக்வாரிட் மழையாக இருக்கக்கூடும். ஜூலை 30ம் தேதியளவில் உச்சம் அடையும் இம்மழையின் புறப்படும் புள்ளி, தென்வானில் உள்ளது. ஐரோப்பியர்களுக்கு அது வானில் தாழ்வாகவே நின்றுவிடும். நமக்கோ, நள்ளிரவுக்குப் பின் நன்றாக மேலே வந்துவிடும். பெர்சீட் காண்பதில் இத்தாலிய மக்களுக்குக் கிடைத்த வசதி நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்குக் கிடைக்காத இன்னொன்று நமக்குக் கிடைத்திருக்கிறது.

இதே ஐந்து கேள்விகளை ஆண்டு முழுவதும் பயன்படுத்தலாம். மே மாதம் 5, 6 தேதிகளில் ஈட்டா அக்வாரிட், அக்டோபர் 21ம் தேதியளவில் ஓரியனிட் ஆகிய மழைகள் வரும். இவ்விரண்டும் ஹாலி என்ற ஒரே வால்நட்சத்திரத்தின் தூசு. அதன் பாதையைப் பூமி ஆண்டுக்கு இருமுறை நெருங்குவதால், ஒரு தாய்க்கு இரு ஊரில் பிள்ளைகள். நவம்பர் 17ம் தேதியளவில் லியோனிட், நொடிக்கு 71 கிலோமீட்டர் என்ற கடும் வேகத்தில் வரும். 1833ல் மக்களை நடுங்கவைத்தது இதுவே. திருவருகைக் காலத்தில், டிசம்பர் 14ம் தேதியளவில், ஜெமினிட் வரும். மிதுன ராசியிலிருந்து, நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் அவை வருகின்றன. இதன் புறப்படும் புள்ளி நம் வானில் இரவு எட்டு மணிக்கே தெரியத் துவங்கி, நள்ளிரவுக்குப் பின் நன்றாக உயர்ந்துவிடும். பிள்ளைகளுக்கு விண்கல் மழையைக் காட்ட விரும்பும் பெற்றோருக்கு இதுவே ஏற்றது. மழை மேகம் மட்டும் வழிவிடவேண்டும். இதன் தாய், ஃபேத்தன் என்ற பாறை போன்ற சிறுகோள். அது 1983ம் ஆண்டில்தான் கண்டறியப்பட்டது. அதுவரை, ஜெமினிட் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலேயே உலகம் அதைக் கண்டு வந்தது.

'எந்த ஊர்?' என்ற கேள்வியின் பயன் எவ்வளவு பெரியது என்பதை, 1866ம் ஆண்டில் உலகம் அறிந்தது. இத்தாலியின் மிலான் நகரில் பணியாற்றிய வானியலாளர் ஜொவான்னி ஸ்கியாபரெல்லி, ஆகஸ்ட் மாத எரிநட்சத்திரங்கள் வரும் திசையையும் வேகத்தையும் கொண்டு, அவை சூரியனைச் சுற்றி வரும் பாதையைக் கணக்கிட்டார். நான்கு ஆண்டுகளுக்கு முன் கண்டறியப்பட்டிருந்த ஸ்விஃப்ட்-டட்டில் வால்நட்சத்திரத்தின் பாதையோடு அது பொருந்தியது. எரிநட்சத்திரங்களின் தாய் யார் என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. இதை அவர், உரோமைக் கல்லூரியின் வானாய்வு நிலையத்தை வழிநடத்திய இயேசு சபை அருள்பணியாளர் ஆஞ்செலோ செக்கிக்கு மடல்களாக எழுதினார். அதே காலத்தில், பர்னபைட் சபையைச் சேர்ந்த அருள்பணியாளர் பிரான்செஸ்கோ தென்சா, எரிநட்சத்திரங்களைக் கவனிக்கும் பணியை இத்தாலியில் ஒருங்கிணைத்து வளர்த்தார். 1891ம் ஆண்டு, திருத்தந்தை 13ம் லியோ அவர்கள் வத்திக்கான் வானாய்வு நிலையத்தைப் புதுப்பித்தபோது, அதன் தலைவராகப் பொறுப்பேற்றவர் இவரே.

கண்ணீர் என்று சொன்ன எளிய மக்களின் அன்பை இவர்கள் இகழவில்லை. தூசு என்று தெரிந்ததால், அந்த இரவின் அழகும் குறையவில்லை. மக்கள் புனிதரின் நினைவாக வானத்தைப் பார்த்தார்கள். ஆய்வாளர்கள் அதே வானத்தைப் பார்த்து, உண்மையைத் தேடினார்கள். இரண்டும் ஒன்றையொன்று விரட்டத் தேவையில்லை.

அன்பு நெஞ்சங்களே, ஐந்து கேள்விகளையும் கேட்ட பின்னரும், எந்த ஊருக்கும் பொருந்தாத எரிநட்சத்திரங்கள் பல உண்டு. இருண்ட வானில், ஆண்டின் எந்த இரவிலும், மணிக்குச் சில என்ற அளவில் அவை தோன்றிக்கொண்டே இருக்கும். ஒரு காலத்தில் ஏதோ ஒரு கூட்டத்தோடு வந்தவையாக அவை இருக்கலாம். நெடுங்காலத்தில் வழி பிரிந்து, தனித்து அலைகின்றன. வானத்தைக் கவனித்துக் குறிப்பெழுதுவோர், இவற்றை எந்தக் கூட்டத்தோடும் வலிந்து சேர்ப்பதில்லை. 'தனி' என்று எழுதிவைக்கின்றனர். பெர்சீட் காண வந்த இரவாயிற்றே என்று, கண்டதையெல்லாம் பெர்சீட் கணக்கில் சேர்த்தால், எண்ணிக்கை கூடும். ஆனால், அந்தக் குறிப்பு யாருக்கும் பயன்படாது.

ஐந்தும் பொருந்தினாலும்கூட, ஒருவர் தனியே கண்டதை வைத்து, 'இது பெரும்பாலும் பெர்சீட்' என்றே சொல்ல முடியும். பல கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு இடங்களில், இரு ஒளிப்படக் கருவிகள் ஒரே எரிநட்சத்திரத்தைப் படம்பிடித்தால்தான், அதன் உண்மையான பாதையைத் துல்லியமாகக் கணக்கிட இயலும். ஒருவர் சாட்சியம் போதாது, இருவர் வேண்டும். ஒரு மணல் துகளைப் பற்றி உண்மை பேசுவதற்கே இத்தனை கவனம் தேவைப்படுகிறது. ஆனால், மனிதர்களைப் பற்றி நாம் எவ்வளவு எளிதாகப் பேசிவிடுகிறோம்! தெருவில் ஒரு கணம் கண்டதை வைத்து, 'அவர் இப்படிப்பட்டவர், இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்' என்று முடிவுகட்டிவிடுகிறோம். அவர் எங்கிருந்து வருகிறார், எவ்வளவு தூரம் நடந்து வருகிறார் என்று கேட்பதில்லை. தெரியாததைத் 'தெரியவில்லை' என்று சொல்வதும் உண்மையே என்பதை, இந்தச் சிறு துகள்களிடம் நாம் கற்றுக்கொள்ளலாம்.

புனித லாரன்சைப் பற்றி மரபுவழியாகச் சொல்லப்படும் நிகழ்வை நாம் அறிவோம். திருஅவையின் செல்வங்களைக் கொண்டுவந்து ஒப்படைக்குமாறு அதிகாரி ஆணையிட்டபோது, அவர் உரோமை நகரின் ஏழைகளையும் நோயுற்றோரையும் அழைத்து வந்து, இவர்களே திருஅவையின் செல்வம் என்று காட்டினார். ஊர் பேர் கேட்க ஆளில்லாத அம்மக்களை, ஒருவர் விடாமல் கணக்கில் சேர்த்தவர் அவர். அவர் திருநாளை ஒட்டிய இரவில் வானத்தைப் பார்க்கும்போது, எந்த ஊருக்கும் சேராமல் மின்னி மறையும் தனி எரிநட்சத்திரத்தையும் நம் குறிப்பேட்டில் ஒரு வரியாக எழுதிவைப்போம்.

இந்த ஆகஸ்ட் மாதம், ஒரு விடியற்காலை மூன்று மணிக்கு எழுவோம். பிள்ளைகளையும் எழுப்பி அழைத்துச் செல்வோம். அவர்கள் எரிநட்சத்திரத்தைக் கண்டு கை நீட்டும்போது, முகத்தைத் திருப்பிவிடாமல், அவர்கள் கையில் ஓர் ஈர்க்கைக் கொடுப்போம். 'இது எங்கிருந்து வந்தது, சொல் பார்க்கலாம்' என்று கேட்போம். அவர்கள் நம்மிடம் திருப்பிக் கேட்டால், தெரிந்ததைச் சொல்வோம். தெரியாததை, தெரியவில்லை என்று சொல்லி, அடுத்த எரிநட்சத்திரத்திற்காக அவர்களோடு சேர்ந்து காத்திருப்போம்.